குரலிலிருந்து தொடங்குதல்: மனம் தேற ஒலியையும் இசையையும் பயன்படுத்தும் முறை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், மாலையில் ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தபின், லயத்து (தொழிலாளர் தொடர்வீட்டு) இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், ஐந்து நிமிடம் கண்ணை மூடி அமர்ந்து, காதில் விழும் ஒலிகளை எண்ணிப் பாருங்கள். அடுத்த காம்பிராவின் (லயத்து அறையின்) தொலைக்காட்சி, பீலியிலிருந்து குடத்தில் விழும் தண்ணீர், வளைவில் திணறி ஏறும் லொறி, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, கோயில் மணி, தகரக் கூரையில் விழும் முதல் தூறல் என்று பட்டியல் நீளும். இவற்றுள் சில நம் தோள்களை இறுக்குகின்றன, சில தளர்த்துகின்றன. எது எதைச் செய்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. கவனிக்கத் தொடங்கினால், செலவில்லாத ஒரு துணை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பது தெரியவரும். அதைப் படிப்படியாகப் பயன்படுத்தும் முறையையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இசைச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் ஒரு தொழில். இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த படைவீரர்களின் மருத்துவமனைகளில் இசையின் பயன் கண்டறியப்பட்ட காலத்தில், 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதற்கென முதற் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. நாம் இங்கே பேசப்போவது அதுவன்று. ஒருவர் தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும் அயலாருக்காகவும் செய்துகொள்ளக்கூடிய எளிய பராமரிப்பு. மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இதைச் செய்யக் கூடாது. மருந்தோடு சேர்த்துச் செய்யலாம்.

இந்த எண்ணம் நமக்குப் புதியதும் அன்று. போரில் புண்பட்டு வீடு திரும்பிய தலைவனைக் காக்க, மனையில் வேப்பந்தழை செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புவோம் என்று தோழியை அழைக்கும் ஒருத்தியைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் காட்டுகிறது. அங்கே பாட்டு மட்டும் தனியாகப் புண்ணை ஆற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மருந்தும், மணமும், ஒலியும், சுற்றி நிற்கும் மனிதர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கை பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

உடலுக்குள் நிகழ்வது

ஒலி மனத்தைத் தொடுவதற்கு மூச்சு ஒரு முக்கியமான வாயில். அச்சமோ கோபமோ வரும்போது மூச்சு மேலோட்டமாகி விரைகிறது, இதயத் துடிப்பும் உடன் விரைகிறது. மூச்சை வெளிவிடும் நேரத்தை நீட்டினால் மூளையிலிருந்து இறங்கும் வேகசு நரம்பின் வழியாக இதயத்துக்கு “மெதுவாகு” என்ற செய்தி போகிறது. பாடுகிறவர், முணுமுணுக்கிறவர், செபிக்கிறவர் யாராயினும் செய்வது இதைத்தான்: சட்டென்று உள்ளே இழுத்து, நீளமாக வெளியே விடுகிறார்கள். 2001ஆம் ஆண்டு லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். கத்தோலிக்கரின் செபமாலை மன்றாட்டை இலத்தீனில் சொன்னபோதும், “ஓம் மணி பத்மே ஹூம்” என்ற மந்திரத்தைச் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்குத் தாமாகவே இறங்கியதையும், இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு இசைந்து நடந்ததையும் அவர்கள் பதிவுசெய்தனர். மொழியும் சமயமும் வேறாயினும் மூச்சின் கணக்கு ஒன்றாக இருந்தது. பள்ளத்தில் மாதா கோயிலும், மேட்டில் மாரியம்மன் கோயிலும், சந்தியில் விகாரையும், நகரத்தில் பள்ளிவாசலுமாக வாழும் நமக்கு இந்த ஆய்வில் தனிச் சுவை உண்டு.

அடுத்தது, இசையின் வேகம். விரைவான இசை மூச்சையும் துடிப்பையும் ஏற்றுகிறது, மெதுவான இசை இறக்குகிறது. அதே பெர்னார்டி 2006இல் செய்த மற்றோர் ஆய்வில் எவரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பாட்டுகளுக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில் கேட்போரின் உடல், இசை தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிடவும் அமைதியடைந்திருந்தது. ஆகவே கீழே வரும் சில படிகளின் முடிவில் சற்று நேரம் சும்மா இருக்கச் சொல்வேன். அதைத் தவறவிட வேண்டாம்.

முதற் படி: ஒலிக் கணக்கு

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மூன்று நாட்களுக்குக் காதில் விழும் ஒலிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே “இறுக்கம்”, “தளர்ச்சி”, “ஒன்றுமில்லை” என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும். காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) கூப்பிடும் ஒலி, கைத்தொலைபேசியின் அழைப்பு மணி, கொழுந்து நிறுக்கும் இடத்தின் சச்சரவு, பிள்ளைகள் பாடசாலையிலிருந்து திரும்பும் கூச்சல், இரவில் தவறணைப் (மதுக்கடைப்) பக்கமிருந்து வரும் குரல்கள், எல்லாமே இதில் இடம்பெறலாம்.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதே இதன் பயன். மழையொலி மனத்தை அமைதிப்படுத்தும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள், மழையோசையைப் பதிவுசெய்து விற்கவும் செய்கிறார்கள். ஆனால் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை அறிந்தவர்களுக்கு, தகரத்தில் அடைமழை இறங்கும் ஓசை தாலாட்டாக இருக்க முடியாது. மலைச்சரிவின் அடியில் வாழ்பவருக்கு அந்த ஓசையில் விழித்திருப்பது நோயன்று, தற்காப்பு. எனவே “இந்த ஒலி எல்லோருக்கும் நல்லது” என்று சொல்லும் எந்தப் பட்டியலையும் நம்பாமல், உங்கள் கொப்பியை நம்புங்கள். இறுக்கம் என்று எழுதியவற்றுள் மாற்றக்கூடியவை இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். தொலைபேசியின் அழைப்பு மணியை மென்மையானதாக மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். அதனால் வரும் நிம்மதி பல பாட்டுகள் கேட்டாலும் வராது.

இரண்டாம் படி: நேரமும் இடமும்

நூல்கள் “அமைதியான தனியறை” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு காம்பிராவில் ஆறு பேர் வாழும் வீட்டில், சுவருக்கு அப்பால் இருமுவது கூடக் கேட்கும் லயத்தில், அப்படி ஓர் அறை கிடையாது. ஆகையால் இடத்தைத் தேடாமல் நேரத்தைத் தேடுங்கள். அடுப்பு மூட்டுவதற்கு முந்திய பத்து நிமிடம், பீலியடியில் ஆள் குறைந்த நேரம், கோயில் நடை திறந்து கூட்டம் சேர்வதற்கு முன் கிடைக்கும் இடைவெளி ஆகிய ஏதேனும் ஒன்று எல்லோருக்கும் உண்டு. பீலியோசையும் ஓடையோசையும் மற்றவர் பேச்சை மூடிவிடும் இயல்புடையவை. பிறர் கேட்பார்களே என்று பாடக் கூசுகிறவர்களுக்கு அவற்றின் அருகே அமர்வது நல்ல மறைவு.

மூன்றாம் படி: முணுமுணுப்பு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இதற்கு இசையறிவு வேண்டாம், கருவி வேண்டாம், நல்ல குரலும் வேண்டாம். அடுத்த காம்பிராவுக்குக் கேட்காத அளவு மெல்லியதாகவும் செய்யலாம்.

முதுகு நிமிர, ஆனால் விறைக்காமல் உட்காருங்கள். குளிர் மிகுந்த காலையாயின் இளஞ்சூட்டு வெந்நீரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தொடங்குவது தொண்டைக்கு இதம். உதடுகளை மெல்ல மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாதபடி தாடையைத் தளர விடுங்கள். மூக்கினால் மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். பின், ஆறு எண்ணும் வரை “ம்…” என்று முணுமுணுத்தபடி விடுங்கள். இப்படி ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி ஆகும். நிமிடத்துக்கு ஆறு சுற்று. ஒலியை உயர்த்த முயல வேண்டாம். நீங்கள் சோம்பலாக “ம்” கொட்டும்போது வரும் சுருதியே உங்கள் சுருதி. கையை நெஞ்சின்மேல் வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். சுருதியைச் சிறிது மேலே கொண்டுபோனால் அதிர்வு மூக்குக்கும் நெற்றிக்கும் நகரும். கவனம் சிதறும்போதெல்லாம் அந்த அதிர்வைத் தேடித் திரும்பினால் போதும். மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்ற கவலையே தேவையில்லை.

முதல் வாரம் மூன்று நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். எண்ணிக்கையை நான்கு–ஆறிலிருந்து மூன்று–நான்காகக் குறைத்துக்கொண்டு மறுநாள் தொடருங்கள். தடிமனால் மூக்கு அடைத்திருக்கும் நாளில் வற்புறுத்த வேண்டாம். முடிந்ததும் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

இதற்கு ஒரு வியப்பான பின்னணியும் உண்டு. முணுமுணுக்கும்போது மூக்கின் பக்கத்துக் காற்றறைகளிலிருந்து வெளியேறும் நைத்திரிக் ஒட்சைட்டு வாயு, சாதாரணமாக மூச்சுவிடும்போது இருப்பதைப்போல் 15 மடங்கு கூடுகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்து காட்டினர். இந்த வாயு இரத்தக் குழாய்களை விரிக்கும் தன்மையது. முணுமுணுப்பினால் அந்தக் காற்றறைகளின் காற்றோட்டம் மிகுவதை இந்த அளவு தெளிவாகக் காட்டுகிறது. இதை வைத்து “பீனிசம் தீரும், இதய நோய் தீரும்” என்று தாவிவிடக் கூடாது. மெல்லிய ஓர் ஒலி உடலுக்குள் அளக்கத்தக்க மாற்றத்தை உண்டாக்குகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

நான்காம் படி: சொல்லும் மூச்சும்

முணுமுணுப்புப் பழகியபின் சொற்களைச் சேர்க்கலாம். உங்களுக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமான ஒன்றை எடுங்கள்: தேவாரப் பதிகத்தின் ஓரடி, செபமாலையின் மன்றாட்டு, மாரியம்மன் தாலாட்டின் ஒரு துண்டு, இறைவனை நினைந்து முஸ்லிம்கள் ஓதும் திக்ர், எதுவானாலும் சரி. ஓரடியை ஒரே மூச்சில், இழுத்து, பேச்சைவிட மெதுவாகச் சொல்லி முடித்து, மூச்சு நிரம்பும்வரை காத்திருந்து அடுத்த அடிக்குப் போங்கள். சமய நாட்டம் இல்லாதவர்கள் ஆத்திசூடியையோ, பாட்டி சொல்லிக்கொடுத்த நிலாப் பாட்டையோ எடுத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. புதிய மந்திரம் எதையும் பணம் கொடுத்துப் பெற வேண்டாம். பழகிய சொல்லுக்கு நினைவின் வலு உண்டு. புதிய சொல்லை நினைவுகூர்வதிலேயே மூச்சு இறுகிவிடும்.

ஐந்தாம் படி: மனம் நிற்கும் இடத்திலிருந்து புறப்படுதல்

இசையை மனத்துக்கு மருந்தாகப் பயன்படுத்த முனைவோர் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான். நானும் தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அடுத்தடுத்து இரண்டு சாவுகள் விழுந்த ஒரு தோட்டத்தில், பெண்கள் சிலரை வாசிகசாலையில் கூட்டி, மனம் மாறட்டும் என்று துள்ளலான பாட்டுகளாகத் தேர்ந்து போட்டேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பாட்டில் ஒரு முதியவர் மெல்லச் சொன்னார்: “அழுது முடிக்காம எப்புடி மாஸ்டர் சிரிக்கிறது?”

அவர் சொன்னதையே 1940களில் ஐரா ஆல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கோட்பாடாக வகுத்திருந்தார். நோயாளியின் மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, சிறிது சிறிதாக இசையை மாற்றி, மனத்தை வேறு நிலைக்கு நடத்திச் செல்ல வேண்டும் என்பது அக்கோட்பாடு. ஒத்த நிலைக் கோட்பாடு என்று இதைத் தமிழில் சொல்லலாம். கலங்கியவருக்கு முதலில் கலக்கமான இசை, சோர்ந்தவருக்கு முதலில் சோர்ந்த இசை. எடுத்த எடுப்பிலேயே மகிழ்ச்சியான பாட்டைப் போட்டால், “என் துயரம் இவர்களுக்குத் தெரியவில்லை” என்ற எண்ணமே கேட்பவருக்கு மிஞ்சும்.

நம் ஒப்பாரியின் அமைப்பை இந்தக் கண்கொண்டு பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். முதலில் ஒரு குரல் கட்டற்று அழுகிறது. பிறகு அந்த அழுகை சொல்லாகிறது, சொல் அடியாகிறது, அடிக்கு எதுகையும் இழுவையும் வருகின்றன. சுற்றியிருப்பவர்கள் தோளைப் பற்றிக்கொண்டு அதே இழுவையில் சேர்கிறார்கள். இறந்தவரின் நற்குணம், பட்ட கடன், கண்ட கனவு எல்லாம் வரிசையாகப் பாட்டுக்குள் வருகின்றன. கட்டற்ற துயரம் ஒரு மூச்சின் அளவுக்குள் அடங்கக் கற்றுக்கொள்கிறது. காமன் கூத்தில் காமன் எரிந்தபின் ரதி புலம்புவதும் இதைத்தான் ஊர் முழுவதற்கும் செய்கிறது. மாசி மாதத்துக் குளிரில், தத்தம் வீட்டுத் துயரத்தை ரதியின் துயரத்துக்குள் வைத்து அழுதுவிட்டு வருகிறவர்கள் பலர். ஒப்பாரி நாகரிகமற்றது என்று சொல்லிச் சாவு வீடுகளில் ஒலிபெருக்கியை மட்டும் அலறவிடும் இன்றைய வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

செய்முறை இதுதான். கொப்பியில் மூன்று வகைப் பாட்டுகளை எழுதுங்கள். முதல் வகை, உங்கள் துயரத்தை அல்லது கோபத்தை அப்படியே சொல்லும் பாட்டு. இரண்டாம் வகை, அதே கனத்தோடு, ஆனால் சற்றுச் சீரான தாளத்தோடு நடக்கும் பாட்டு. மூன்றாம் வகை, கேட்டு முடிக்கையில் எழுந்து ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிக்கலாம் என்று தோன்றச் செய்யும் பாட்டு. அவ்வளவுதான், ஆனந்தக் கூத்து வேண்டியதில்லை. வகைக்கு இரண்டாக ஆறு பாட்டுகள், ஏறத்தாழ அரைமணி நேரம். கேட்டு முடித்ததும் இரண்டு நிமிட மௌனம். முதல் வகையிலேயே தேங்கிப்போய் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் சோகப் பாட்டு ஒன்றை இரவெல்லாம் சுழலவிட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தேறுதல் அன்று, துயரத்தைக் கிளறிக்கொண்டிருத்தல். முதல் வகைக்கு இரண்டு பாட்டு என்ற எல்லையை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த இராகம் என்று கேட்பவர்களுக்கு: நீலாம்பரியைத் தாலாட்டோடும் முகாரியைத் துயரத்தோடும் இணைத்துப் பார்ப்பது நம் மரபு. அந்த இணைப்பு காதுக்குப் பழகியவர்களுக்கு அது பயன் தரும். இன்ன இராகம் நீரிழிவைத் தீர்க்கும், இன்ன இராகம் இரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்ற பட்டியல்களுக்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. கர்நாடக இசையே பழகாத ஒருவருக்குத் தெம்மாங்கு தரும் ஆறுதலை எந்த மேதையின் ஆலாபனையும் தராது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேடித் தொகுத்துவைத்த மலையக மக்கள் பாடல்களில் கங்காணியைப் பற்றிய கசப்பும், விட்டுவந்த ஊரின் ஏக்கமும், கேலியும், காதலும் எல்லாமே உண்டு. மூன்று வகைக்கும் பாட்டு நம்மிடமே இருக்கிறது.

ஆறாம் படி: உறக்கத்துக்கு

இசையின் பயனுக்கு ஓரளவு திடமான சான்று உள்ள துறை இது. உறக்கமின்மையால் வருந்தும் வளர்ந்தோரைப் பற்றிய 13 ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேரின் விவரங்களோடு, 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழுவினர் திரட்டிப் பார்த்தபோது, இசை கேட்டவர்கள் தங்கள் உறக்கத்தின் தரம் மேம்பட்டதாகக் கூறியிருந்தமை தெரியவந்தது. ஒரே இரவில் நிகழும் மாற்றமன்று இது. வாரக்கணக்கில் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

படுக்குமுன் அரைமணி முதல் முக்கால்மணி வரை, சொற்கள் இல்லாத, மெதுவான, ஒரே சீரான இசையைத் தேர்ந்தெடுங்கள். புல்லாங்குழலோ வீணையோ நன்று. திடீரென்று தாளம் ஏறும், தாளக் கருவி மட்டும் ஒலிக்கும் தனியாவர்த்தனம் வேண்டாம். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகள் வரை உள்ள வேகம், அதாவது ஓய்ந்திருக்கும் இதயத்தின் வேகம், பொருத்தமானது. ஒவ்வோர் இரவும் அதே இசையைக் கேட்பது மேல். சில நாட்களில் அது “உறங்கும் நேரம்” என்ற அறிகுறியாகிவிடும். தொலைபேசியில் கேட்பதாயின் திரையைக் கவிழ்த்து வைத்து, தானாக நிற்கும்படி நேரத்தைக் குறித்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் கத்தும் செயலிகளைவிட முன்னரே இறக்கிவைத்த கோப்பு நல்லது. பலத்த மழைக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும் இரவுகளில் காதுக்குள் எதையும் மாட்டிக்கொண்டு உறங்க வேண்டாம்.

ஏழாம் படி: கையும் தாளமும்

எல்லா மனநிலைக்கும் அமைதியான இசை பொருந்தாது. வேலையற்ற இளைஞனின் கொதிப்புக்கு வீணையைப் போடுவது, முன்னர் நான் செய்த அதே தவறு. அவனுக்குத் தாளம் வேண்டும், கை வலிக்க வேண்டும், வியர்க்க வேண்டும். அதற்குத் தப்பு என்னும் பறையைவிடச் சிறந்த கருவி இந்த மலைகளில் இல்லை. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, தோளில் மாட்டி, நீண்ட மெல்லிய குச்சி ஒரு கையிலும் குறுகிய தடித்த குச்சி மறுகையிலுமாக அடிக்கும்போது, ஒலியைக் காது கேட்குமுன் நெஞ்சு வாங்கிக்கொள்கிறது. சாதியின் பெயரால் இழிவென்று ஒதுக்கப்பட்ட இந்தக் கருவியை மலையக இளைஞர்கள் இன்று மேடைகளில் பெருமையோடு எடுக்கிறார்கள். அந்தப் பெருமையும் ஒரு வகை மருந்துதான்.

தெரிந்தவரிடம் ஓர் அடியை மட்டும் கற்றுக்கொண்டு, நான்கைந்து பேர் சேர்ந்து, மெதுவாகத் தொடங்கி, வேகமேற்றி, மீண்டும் மெதுவாக்கி முடியுங்கள். இறங்குமுகத்துக்கு ஏறுமுகத்தைப்போல் இருமடங்கு நேரம் கொடுங்கள். உச்சத்தில் நிறுத்திவிட்டால் கொதிப்பு அப்படியே தங்கிவிடும். தப்பு கிடைக்காத இடத்தில் கோலாட்டக் குச்சியோ கும்மியின் கைதட்டலோ போதும். வயதானவர்களுக்குக் கும்மியை உட்கார்ந்தபடியே நடத்தலாம்.

எட்டாம் படி: கூடிப் பாடுதல்

தனியே கேட்பதைவிடக் கூடிப் பாடுவதற்கு வலு அதிகம் என்பது என் அனுபவம். இங்கிலாந்தில் குழந்தை பெற்றபின் மனச்சோர்வுக்கு ஆளான 134 தாய்மாரை வைத்து நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், பத்து வாரம் குழந்தைகளோடு கூடிப் பாடிய தாய்மாருள் சோர்வு கடுமையாக இருந்தோர், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறினர். அவர்கள் பாடியவற்றில் தாலாட்டுகளும், தாய்மையைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டுகளும் இருந்தன. இதற்கு முன்னர், 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளைப் பற்றியது. பெற்றோர் தாமே விரும்பித் தேர்ந்த பாட்டைத் தாலாட்டாக மாற்றிப் பாடியபோது குழந்தைகளின் உடல் அமைதியடைந்ததோடு பெற்றோரின் தவிப்பும் குறைந்தது என்று அது பதிவுசெய்தது. தாலாட்டு பிள்ளைக்கு மட்டும் உரியதன்று என்பது தொட்டிலை ஆட்டிய எந்தத் தாய்க்கும் தெரிந்ததே. மாமன் சீர் கொண்டுவராத வருத்தத்தையும் கணவன் குடித்துவிட்டு வந்த கோபத்தையும் தாலாட்டுக்குள் வைத்துப் பாடியவர்கள் நம் பாட்டிமார்.

ஒரு குழுவைத் தொடங்க ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பொருத்தமானது. ஆறு முதல் பன்னிரண்டு பேர். கோயில் மண்டபமோ, பிள்ளைக் காம்பிராவோ (பிள்ளைப் பராமரிப்பு நிலையமோ), வாசிகசாலையோ. வட்டமாக உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் சேர்ந்து முணுமுணுப்பு. அதன்பின் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் முறையில். பிறகு முதியவர் ஒருவரிடம் பழைய பாட்டொன்றைக் கேட்டு வாங்குங்கள். மறந்த அடிகளை மற்றவர்கள் சேர்ந்து தேடுவதே அன்றைய நிகழ்ச்சியாகிவிடும். ஞாபகம் தளர்ந்து பேச்சுக் குறைந்த முதியவர்கள், கொழுந்து மலையில் பாடிய பாட்டைத் தொடங்கியதும் அடி பிசகாமல் முடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள், குரலைக் கேலி செய்ய எவருக்கும் இடம் கொடுக்காதீர்கள், யாரேனும் அழத் தொடங்கினால் பாட்டை மாற்றாமல் அருகில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதை மட்டும் முதல் நாளே தடைசெய்துவிடுங்கள்.

எச்சரிக்கைகள்

ஒலி கூடினால் கெடுதலும் கூடும். வளர்ந்தோர் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். கருவியின் ஒலியளவை 60 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பது எளிய காவல். திருவிழா ஒலிபெருக்கிக்கு முன்னால் கைக்குழந்தையோடு நிற்க வேண்டாம். கொழுந்து மலையில் இரு காதுகளையும் அடைத்துப் பாட்டுக் கேட்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். குளவி கலைந்தால் முதலில் வருவது பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர்களின் கூச்சல்தான். சிறுத்தை நடமாட்டமுள்ள பாதைகளுக்கும் இது பொருந்தும்.

432 ஹேர்ட்ஸ், 528 ஹேர்ட்ஸ் என்று குறிப்பிட்ட அதிர்வெண்கள் உயிரணுவையே பழுதுபார்க்கும் என்று விற்கப்படும் பதிவுகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அவரவர் குரலுக்கேற்ப ஒரு கட்டையிலும் ஐந்து கட்டையிலும் சுருதி வைத்துப் பாடுவது நம் மரபு. எல்லோருக்கும் ஒரே எண் என்பது அதற்கே முரண். வெண்கலக் கிண்ணத்தின் நாதம் பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள். கோயில் மணியின் கார்வை முழுதாக அடங்கும்வரை கேட்பதும் அதே பயனைச் செலவில்லாமல் தரும்.

மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது குறுகிய காலத்தில் கூடுதல் பயன் கிடைப்பதாக, 9 ஆய்வுகளையும் 421 பேரையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு கண்டது. “சேரும்போது” என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமோ பசியோ இல்லாமை, இல்லாத குரல்கள் கேட்டல், சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் பாட்டைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். இலங்கையில் மனநலத்துக்கான தேசிய உதவி எண் 1926. உயிருக்கு ஆபத்தான நிலையில் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். பிள்ளை பெற்ற தாயின் சோர்வை, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கொப்பியைத் தொடர்தல்

முதல் நாள் தொடங்கிய கொப்பியை மூடிவிடாதீர்கள். தினமும் இரண்டு வரி போதும்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், முன்னும் பின்னும் மனம் பத்தில் எத்தனை. நான்கு வாரம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். முணுமுணுப்பு இருந்த நாட்களில் எண் ஏறியிருக்கிறதா, தப்படித்த ஞாயிறு இரவில் உறக்கம் வந்ததா, எந்தப் பாட்டுக்குப் பின் எண் விழுந்தது என்பவை தெரியும். பயன் தராததை விட்டுவிட்டு, தந்ததன் நேரத்தைக் கூட்டுங்கள். எண் ஏறவே இல்லையென்றால் அந்தக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போங்கள். ஐந்து நிமிடத்தில் நாவால் சொல்ல முடியாததை, வைத்தியர் அந்தப் பக்கங்களில் வாசித்துக்கொள்வார்.